படகடிப் படி

கண்ணின் பின்புறத்தைப் பார்க்கும் அந்தச் சோதனையில் நோவு இல்லை. இதை முதலில் எழுதக் காரணம், நோவுக்குப் பயந்து என் மனைவி போகாமல் விட்டாள் என்று ஊரில் சிலர் இன்னும் நினைப்பதுதான். அவள் பயந்தவள் அல்ல. போகாமல் விடச் செய்தவன் நான்.

அவளுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து கனகாலம். விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்று கிளினிக் கொப்பியில் எழுதித் தந்தார்கள். நயினாதீவிலிருந்து காலைப் படகில் குறிகட்டுவான் துறைக்கு வந்து, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போனோம். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார்கள். கொஞ்சம் எரிந்தது என்றாள். அரை மணித்தியாலம் வாங்கில் இருத்திவிட்டு இன்னொரு தரம் விட்டார்கள். கண்மணி நன்றாக விரிந்த பிறகு டொக்டர் நாடியை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, வெளிச்சம் அடித்து, மேலே பார், கீழே பார் என்று பார்த்தார். பின்னுக்கு இரத்தக் குழாய்களில் சின்ன மாற்றம் தொடங்கியிருக்கிறது, இப்போதைக்குப் பயமில்லை, வருசம் ஒருக்கால் கட்டாயம் வரவேண்டும் என்றார்.

மருந்து விட்ட கண்ணுக்கு வெயில் ஆகாது என்றும், கிட்டப் பார்வை பல மணித்தியாலம் மங்கும் என்றும் அவர்கள் சொல்லித்தான் விட்டார்கள். கறுப்புக் கண்ணாடி கொண்டுபோக எனக்குத் தோன்றவில்லை. குறிகட்டுவானில் கடல் பளபளத்தது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, படகில் இறங்கும் படி தெரியாமல் நின்றுவிட்டாள். நான் அவளுடைய கையைப் பிடித்து இறக்கினேன். படகில் இருந்த ஒருவர், என்னிடம் படித்தவர்தான், சொன்னார்:

“என்ன மாஸ்ரர், இப்பதான் தாலி கட்டினமாதிரிக் கூட்டிக்கொண்டு வாறியள்?”

படகு முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. நாற்பது வருசத்தில் வெளியில் அவளுடைய கையை நான் தொட்டதில்லை. அவள் பலகையில் இருந்த உடனே கையை விட்டுவிட்டேன்.

அடுத்த வருசம் தவணை, அம்மன் கோயில் கொடியேறி மூன்றாம் நாள் வந்தது. கொடியேறினால் திருவிழா முடியும்வரை தீவைவிட்டு வெளிக்கிடுவதில்லை என்பது என் தகப்பன் காலத்து வழக்கம். விஞ்ஞானம் படிப்பித்த நான் அதை ஒருநாளும் நம்பியதில்லை. ஒருமுறை கொடியேறிய பிறகு சம்பளம் எடுக்கக்கூடப் போயிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த வழக்கத்தைச் சொல்லி அவளை மறித்தேன். படகில் மறுபடி அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்கு மனமில்லை. உண்மை அவ்வளவுதான்.

திருவிழா முடிந்ததும் அவள் கேட்டாள். நான் பேப்பரை நீட்டி மரண அறிவித்தல்களை வாசிக்கச் சொன்னேன். சின்ன எழுத்தெல்லாம் தடக்காமல் வாசித்தாள். “உமக்கு என்னைவிட நல்லாத் தெரியுது, பிறகென்னத்துக்கு அலையிறது?” என்றேன். வாசிக்க முடிகிற கண்ணின் பின்னாலும் இரத்தக் குழாய்கள் கசியும் என்று டொக்டர் முதல் நாளே விளங்கப்படுத்தியிருந்தார். கேட்டுக்கொண்டு நின்றவன் நான். அதற்கடுத்த வருசமும் பேப்பரை நீட்டினேன்.

பிறகு ஒரு காலை, முட்டை பொரித்துக்கொண்டிருந்தவள் குசினியிலிருந்து கூப்பிட்டு, வலக்கண்ணுக்குள் கறுப்பாக ஏதோ ஒழுகுகிறது என்றாள்.

உடனே யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போனேன். இரத்தம் கசிந்திருந்தது. டொக்டர் கொப்பியைப் புரட்டி, ஏன் இரண்டு வருசமாக வரவில்லை என்று கேட்டார். என் பக்கம் திரும்பித்தான் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்.

“நான்தான் வரமாட்டன் எண்டு நிண்டனான், டொக்டர். இவர் எத்தினை தரம் கூப்பிட்டவர்.”

டொக்டர் அவளைக் கடிந்தார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பக்கத்துக் கதிரையில் நான் பேசாமல் இருந்தேன். அவளை மறித்ததைவிட அந்த மௌனம்தான் என்னைக் கூடுதலாக அரிக்கிறது.

லேசர் அடித்தும் வலக்கண்ணில் நிழல்தான் மிஞ்சியது. இனி எல்லாம் இடக்கண்தான். போன கிழமை அதைப் பார்க்கப் போனோம். சொட்டு மருந்து விட்டுக் காத்திருந்தோம். டொக்டர் வெளிச்சத்தை எடுத்தபோது சொல்லிவிட்டேன்: “அவ அண்டைக்குப் பொய் சொன்னவ. மறிச்சது நான்.”

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு கனநேரம் அவளுடைய கண்ணைப் பார்த்தார். இடக்கண் இன்னும் தாங்குகிறது, ஆனால் ஒரு தவணையும் தப்பக்கூடாது என்று சொல்லி அடுத்த திகதியை எழுதினார்.

வெளியே வந்ததும் அவள் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “உந்தக் கதையை ஏன் இப்ப அவருக்குச் சொன்னனீங்கள்?” என்று சினந்தாள். குறிகட்டுவானில் இறங்கியபோதுதான் திகதியைக் கேட்டாள். சொன்னேன். விரல் மடித்துப் பார்த்தாள்.

“கொடியேறியிருக்கும். வெளிக்கிடேலாதே.”

“வெளிக்கிடுவம்,” என்றேன்.

படகில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். படியில் கையை நீட்டினேன். அவள் உடனே பிடிக்கவில்லை. சற்று நின்றுதான் பிடித்தாள்.