எழுதாமல் விட்ட ஒரு வரி

யுத்த காலத்துக் கொழும்பில் எது பழுதானாலும் பழியைப் போட ஓர் இடம் தயாராக இருந்தது: 'பாதுகாப்புப் பிரச்சினை'. பஸ் வராவிட்டாலும் அதுதான், பால்மா வராவிட்டாலும் அதுதான். வெள்ளவத்தையில் நான் நடத்திய நெட் கஃபேக்கும் ஒருமுறை அதுவே கைகொடுத்தது.

கடை மூலையில் ஒரு கம்ப்யூட்டரில் எங்களுடைய சாட் சேர்வர் ஓடியது. வெளிநாடு போனவர்களும் இங்கே விசாவுக்குக் காத்திருந்தவர்களும் அதில் கதைப்பார்கள். ஆள் இல்லாத நேரம் வரும் செய்தியைப் பத்திரமாக வைத்திருந்து, ஆள் வந்ததும் கொடுக்க ஒரு மொடியூலை, அதாவது ஒரு துணை நிரலை, பிறகு சேர்த்திருந்தேன். அதன் பெயரை செற்றிங்ஸ் கோப்பில் ஒரு வரியாக எழுதிவிட்டால், சேர்வர் விழுந்து எழும்பும் ஒவ்வொரு தரமும் அதுவும் கூடவே எழும்பும். நான் எழுதவில்லை. கட்டளை ஒன்றைத் தட்டி ஏற்றிவிட்டு, ஓடுதுதானே என்று தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை கரண்ட் போய் வந்தது. சேர்வர் எழும்பியது. மொடியூல் எழும்பவில்லை.

மறுநாள், விசாவுக்காகப் பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்த பிள்ளை ஒருத்தி வந்தாள்; நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். கலியாணம் முடிந்த கையோடு புருஷன் சுவிஸுக்குத் திரும்பிவிட்டான். லொட்ஜ் ரெலிபோனில் நாலுபேர் காது இருக்கும் என்று எல்லாம் சாட்டில்தான். தூதரகம் எப்போது கூப்பிடும் என்று அவன் அறிவிக்கவேண்டும்.

"அண்ணை, ஒண்டும் வரேல்லையா? நேற்று அனுப்புறன் எண்டவர்."

எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கடைக்காரன் மரியாதை! குரலைத் தாழ்த்தினேன்.

"பாதுகாப்புப் பிரச்சினை, தங்கச்சி. இப்ப எல்லாத்தையும் பார்க்கிறாங்கள் போல."

அவள் முகம் வெளிறியது. அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

புதன் காலை தெஹிவளையிலிருந்து சிநேகிதன் ஓடிவந்தான்.

"மச்சான், தெரியுமே? சாட்டில கதைக்கிறதெல்லாம் பிடிபடுதாம். வெள்ளவத்தையில ஒரு கடையைச் சுத்தி வளைக்கப் போறாங்களாம்!"

"எந்தக் கடை?"

"அதுதான் தெரியேல்ல."

எனக்குத் தெரிந்துவிட்டது. ஷட்டரை இழுத்துவிட்டு, சேர்வரை வயரோடு பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், அரிசிச் சாக்குக்குள் இறக்கினேன். மனைவி சுளகோடு வந்து நின்றாள்.

"அதுக்குள்ள அப்பிடி என்ன கிடக்கு?"

"சனத்தின்ர சுகம் விசாரிப்பு."

"அதைப் பிடிக்கவே வாறாங்கள்? ஆரப்பா இந்தக் கதையை முதல்ல கட்டினது?"

யோசித்தேன். நான்தான். உலகத்திலேயே தன் பொய்க்குத் தானே பயந்து அரிசிச் சாக்கைத் தேடிய மனுஷன் நானாகத்தான் இருப்பேன்.

அரிசியைத் தட்டித் துடைத்து, கடையில் திரும்பவும் வயர்களைப் பூட்டிப் பார்த்தேன்; மொடியூல் ஓடவேயில்லை. முதல் வேலையாக, விட்டுப்போன அந்த வரியை எழுதினேன். சேர்வரை ரீஸ்டார்ட் பண்ணினேன். மொடியூல் கண் விழித்தது. தங்கச்சிக்கு வந்த செய்தி, கரண்ட் போகுமுன் வந்தபடியே கிடந்தது: 'வியாழன் காலை ஒன்பது மணிக்குத் தூதரகம். கலியாணப் பதிவுப் பத்திரத்தின் ஒரிஜினல் கட்டாயம்.'

நாளைக்கு வியாழன்.

லொட்ஜுக்கு ஓடினேன். அறை காலி. "பயந்துபோய் நேற்றே வெளிக்கிட்டிட்டா" என்றார் மனேஜர். தங்குபவர் வருவதையும் போவதையும் பொலிஸுக்குப் பதிந்து கொடுக்கவேண்டும் என்பதால், அவள் போன மட்டக்குளி விலாசம் அவரிடம் இருந்தது; என் முகத்தைப் பார்த்துத்தான் தந்திருக்கவேண்டும்.

மட்டக்குளி பஸ்ஸில், ஏறிய நேரம் முதல் மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். பகிடியாய்த் தொடங்குவதா, நேரே சொல்வதா என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

தொடர்மாடியில் மாமி வீட்டு வாசலில், நான் பிரின்ட் எடுத்துக் கொண்டுபோன செய்தியை அவள் வாசித்தாள். இரண்டாம் தரம் வாசித்தாள். கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு பிரச்சினைக்குள்ளயும் கொண்டுவந்து தந்திருக்கிறியள். உங்களுக்கு ஏதும் வந்திருந்தால், அண்ணை?"

அப்போதுதான் சொல்லியிருக்கவேண்டும். வாயும் திறந்தது.

"பரவாயில்லை, தங்கச்சி" என்றேன். "கவனமாய்ப் போயிட்டு வாங்கோ."

அவள் உள்ளே திரும்பி, "மாமி, இந்த அண்ணை உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு வந்திருக்கிறார்" என்று சொல்லுவது படியிறங்கும்வரை கேட்டது.