நாலாவது வரப்பு

எங்கள் பக்கம் சிறுத்தையையும் புலி என்றுதான் சொல்வோம். அந்த வருஷம் எங்கள் கரும்புக்காட்டில் ஒரு புலி தங்கியிருந்தது. பகலெல்லாம் கரும்புக்குள் படுத்திருக்கும், பொழுது சாய்ந்தால் வாய்க்கால் கரையோடு நடந்து வரும் என்று ஊரே சொன்னது. விளக்கு எரியும் பட்டியை அண்டாது. நாயைக் கண்டால் மட்டும் விடாது.

என் நாயைத் தூக்கியது. கழுத்துப்பட்டையும் சங்கிலியும்தான் மிச்சம். கணவர் லாரியோடு வடக்கே போனால் ஒரு மாதம் எனக்கு வேறு துணை கிடையாது. அந்தப் புலியைக் கொல்லாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவுகட்டினேன்.

வனக்காவலர் வந்து, கரும்புக்குள் கேட்ட முனகலைக் கவனித்துவிட்டு, உள்ளே குட்டிகள் இருக்கின்றன என்றார். இன்னும் சரியாக நடக்கத் தெரியாதாம். இடம் சரியில்லை என்று பட்டால் தாயே ஒவ்வொன்றாகத் தூக்கி மாற்றிவிடுமாம்.

“கரும்பு வெட்டை ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க. அதுவே கவ்விக்கிட்டுப் போயிருமுங்க.”

சரிங்க என்று தலையாட்டினேன். தாயும் பிள்ளையும் சேர்ந்தே போகட்டும் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன்.

மறுநாளே வெட்டு ஆட்களை வரச் சொன்னேன். வெட்டுவதற்கு முன்னால் சோகைக்கு, காய்ந்த கரும்புத் தோகைக்கு, தீ வைப்பது வழக்கம். மூன்று வரப்பில் வைத்து, நாலாவதைக் கடைசிவரை திறந்து விடுவோம். பாம்போ முயலோ, உயிருள்ளது ஓடிப் பிழைக்கட்டும் என்று. நான் நாலாவது வரப்புக்கே முதலில் போனேன்.

மேஸ்திரி கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். “அந்தப் பக்கம் உட்ருங்க அக்கா. பாவமுங்க.”

“என்ற நாயிக்கு அது வழி உட்டுச்சா?” என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

நாலு பக்கமும் நடுவை நோக்கி எரிந்தது. கரும்பு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவே பூனை கத்துவது போலக் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நான் நகரவில்லை, தாய் கத்துவதற்காகக் காத்திருந்தேன். அது கத்தவே இல்லை.

அன்று பகலில் உள்ளே இருந்தால்தானே கத்தும்? பொழுது சாய்கிற நேரத்தில் வாய்க்கால் கரையிலிருந்து வந்தது. ஆட்கள் கிணற்று மேட்டுக்கு ஓடினார்கள். அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சூடு ஆறாத சாம்பலில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடுக்காட்டுக்குப் போனது. கரிக்கட்டையாகக் கிடந்ததைப் பிடரியில் கவ்வித் தூக்கி, வாய்க்காலைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்தது. திரும்பி வந்து இன்னொன்றையும் தூக்கியது. அதற்குப் பிறகும் ஒரு தரம் வந்து அந்த இடத்தை மோந்து பார்த்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று புத்தி இருந்தது. இரக்கம்தான் இல்லை.

இரண்டு நாள் கழித்துக் காவலர் வந்தார். கரும்பெல்லாம் வெட்டி ஏற்றியாகிவிட்டது. குட்டிகளைத் தாய் கொண்டுபோய்விட்டதா என்று கேட்டார்.

“கவ்விக்கிட்டுப் போயிருச்சுங்க,” என்றேன். அதில் ஒரு சொல் பொய் இல்லை.