காணாமல் போனவர்கள் பெஞ்சு

தேர்க் கூட்டத்தில் வேண்டுமென்றே காணாமல் போன மடையன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மற்ற பிள்ளைகள் அம்மாவின் கை நழுவித் தொலைவார்கள். நான் அம்மாவின் கையை மெனக்கெட்டு உதறிவிட்டுத் தொலைந்தேன். வேறொன்றுமில்லை, ஸ்பீக்கரில் என் பேர் வர வேண்டும். அதுவும் என் சித்தப்பா வாயால்.

சித்தப்பாவுக்கு அப்படி ஒரு வாய். சுற்றுவட்டாரத்தில் திருவிழா என்றால் மைக்செட்டில் அவர் குரல்தான். காணாமல் போன ஏழெட்டுப் பிள்ளைகளின் பேர், ஊர், சட்டை நிறம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுவார், நடுவில் கேலி வேறு. பிறகு சீக்கு வந்தது. சில நாள் தூக்கமே இல்லாமல் பாடிக்கொண்டு, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தார்; அப்புறம் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். இருமுனைக் கோளாறு என்ற பேரெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. மதுரை டாக்டரின் மாத்திரையில் அந்த ஏற்றமும் இறக்கமும் அடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் எல்லோரும் "குணமாயிட்டான்" என்றார்கள்.

ஆனால் குணமான சித்தப்பாவைச் சீனி வாங்க அனுப்பினால் கடை வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். இராஜபாளையத்தில் ஒரு மில்லில் சேர்த்துவிட்டார்கள். அறுந்த நூலைப் பிணைக்கப் போகிறவர், யாராவது நடுவில் கூப்பிட்டுவிட்டால், எந்த மிஷினுக்குக் கிளம்பினோம் என்று தெரியாமல் நிற்பாராம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிற உயர்ந்த நடிப்பு என்று நான் முடிவு கட்டி, மனசுக்குள் அவரைக் குருவாகவே ஏற்றுக்கொண்டேன். வாய்ப்பாட்டை அதே பாணியில் மறந்தும் பார்த்தேன். வாத்தியாருக்கு ரசனை போதாது. முட்டி வீங்கியது.

அந்த ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மைக்செட்காரர் சித்தப்பாவைத் திரும்பவும் கூப்பிட்டார். இன்றைக்கு ஒழுங்காகப் பேசிவிட்டால் வருஷம் முழுக்க வேலை. இல்லாவிட்டால் இனி மைக் பக்கமே வர வேண்டாம். அம்மா காலையிலிருந்தே ஆண்டாளிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

தேர் அசைந்ததும் கூட்டம் எழுப்பிய "கோவிந்தா"வில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்போதுதான் ஸ்பீக்கர் கரகரத்தது. மம்சாபுரத்துப் பையன் ஒருவனின் பேரைச் சொல்லி, "மஞ்சக் கவுனு போட்டு, ரெட்டைச் சடை பின்னியிருக்கான்" என்றது சித்தப்பாவின் குரல். ரதவீதியே சிரித்தது. அடடா, பழைய கேலி திரும்பிவிட்டது! இனி எங்கே பொறுப்பது? அம்மாவின் கையை உதறினேன்.

மைக் பந்தலில் நிலவரம் வேறாக இருந்தது. அந்தப் பையனின் அப்பா மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எம் பிள்ளைக்கு எவன்யா கவுனு மாட்டுனது?"

அவர் பையனை இழுத்துக்கொண்டு போனார். கவுனுக்குச் சொந்தக்காரச் சிறுமியும் இன்னும் நாலைந்து பேரும் பெஞ்சில் ஆளுக்கொரு சுருதியில் அழுதுகொண்டிருந்தார்கள். மைக்செட்காரர் சித்தப்பாவின் காதருகே, "இன்னொருக்கா மாத்திச் சொன்னேன்னா மைக்கை வாங்கிருவேன், பாத்துக்க" என்றார். சித்தப்பாவின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

நான் முன்னால் போய் நின்று ஓவென்று அழுதேன். கண்ணீர்தான் ஒத்துழைக்கவில்லை.

"ஏலே, நீ எப்படிலே இங்க?"

"தொலைஞ்சு போயிட்டேன் சித்தப்பா. எம் பேரைச் சொல்லுங்க."

சொல்லத் தொடங்கினார். ஸ்பீக்கரில் என் பேர் பாதி வந்துவிட்டது. அதற்குள் சிறுமி அவர் வேட்டியை இழுத்து, "தண்ணி" என்றாள். அவ்வளவுதான். சித்தப்பா திறந்த வாயோடு அப்படியே நின்றார். மைக்செட்காரர் கையை நீட்டினார். சித்தப்பா அவரிடம் கொடுக்கவில்லை. மைக்கை என் வாய்க்கு நேரே பிடித்தார்.

"நீயே சொல்லுலே."

விடுவேனா? "எம்மா, நான்தான் பேசுதேன்! பந்தல்ல இருக்கேன்! வரும்போது பால்கோவா வாங்கிட்டு வா!"

அம்மா பறந்து வந்தாள், பால்கோவா இல்லாமல், ஓங்கிய கையோடு. அவள் வந்த வேகத்தைப் பார்த்துச் சித்தப்பாவின் முகம் மாறியது. அடுத்து மைக்கைச் சிறுமியிடம் நீட்டினார். அவள் பேரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. "எம்மா" என்று ஓர் அழுகை. அதற்கே தேர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தி முந்தானை பறக்க ஓடிவந்தாள். பிறகென்ன, ஒவ்வொரு பிள்ளையாக மைக்கில் அழ, பெற்றவர்கள் குரலை அடையாளம் கண்டு பாய்ந்து வர, பெஞ்சு காலி! கைதட்டிக் கைதட்டி என் உள்ளங்கை சிவந்துவிட்டது. கன்னம் ஏற்கெனவே சிவந்திருந்தது, அம்மா உபயம்.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு. அடுத்த கோயில் கொடைக்கும் நீயே வந்துரு" என்றார் மைக்செட்காரர்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் சித்தப்பாவின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, சீடன் என்ற உரிமையில் ரகசியமாகக் கேட்டேன்: "சீக்குதான் போயிருச்சுல்ல சித்தப்பா, பொறவு ஏன் எங்களைச் சொல்ல விட்டீங்க? டிமிக்கிதானே?"

அவர் சொன்ன பதிலைக் கேட்டு, கூட்டத்தில் எவனோ பிக்பாக்கெட் அடித்துவிட்டான் என்று பதறி அவர் சட்டைப் பையைத் துழாவிய அறிவாளி நான். பையில் எல்லாம் பத்திரமாக இருந்தது, மாத்திரை அட்டை உட்பட. அது என்ன பதில் என்று எனக்கு விளங்கப் பல வருஷம் பிடித்தது. சன்னலுக்கு வெளியே பார்த்தபடி அவர் சொன்னது இவ்வளவுதான்:

"போயிருச்சுலே, போகும்போது கொஞ்சத்தை எடுத்துட்டுப் போயிருச்சு."