கட்டிலுக்குக் கீழே ஒரு வெள்ளரிப்பழம்

வெள்ளரிப்பழத்துக்குப் பொறுமை கிடையாது. பழுத்தால் வெடித்துவிடும். அதனால்தான் முற்றியதும் ஆய்ந்து, பனையோலையால் இறுக்கிக் கட்டி வைக்கிறோம். கரம்பொன்னில் எங்கள் கிணற்றடியில் இந்த முறை கடைசியாகக் காய்த்தது ஒரு பெரிய காய். அதைக் கட்டும்போதே என் கணவர் சொல்லிவிட்டார், அது கனடாவிலிருந்து வரப்போகிற தன் அக்காவுக்கு என்று. அந்த மச்சாள் போனில் எதைப் பேசத் தொடங்கினாலும் வெள்ளரிப்பழத்தில்தான் வந்து நிற்பார். அக்காவின் கண் முன்னால் கட்டை அவிழ்க்க வேண்டும், பழம் தானாகப் பிளக்க வேண்டும், அதை அவர் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். இவருடைய ஆசை அவ்வளவுதான்.

மச்சாளோ வந்தபாடில்லை. அங்கே பனி கொட்டி விமானம் தள்ளிப்போனது. இங்கே பழம் மஞ்சளாகத் தொடங்கியது. பிரிட்ஜில் வைப்போம் என்றேன். அதற்குள் மச்சாளுக்கென்று வாங்கிய கணவாயும் நண்டும் நிறைந்திருந்தன. பழத்தில் மீன் வாசம் ஏறிவிடும் என்று மறுத்துவிட்டார். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் எங்கள் அறையின் சீமெந்துத் தரை. கட்டிலுக்குக் கீழே, பானை வைக்கும் திருகணையில் பழம் குடியேறியது. மின்விசிறியும் அதன் பக்கம் திரும்பியது. கட்டில் அதிர்ந்தால் பழம் வெடிக்குமாம். ஆகவே நாங்கள் இருவரும் விறாந்தையில் பாய் போட்டோம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து எனக்காக ஒருநாளும் விசிறியைத் திருப்பாத மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓலை தளர்ந்தபோது தான் இடுப்பில் கட்ட வாங்கிய புதுச் சாரத்தால் இன்னொரு சுற்றுச் சுற்றினார். தினமும் குனிந்து அதில் காதை வைத்துக் கேட்டார். என்ன கேட்கிறது என்றால், சத்தம் போடாதே என்று கையைக் காட்டுவார்.

ஒருவழியாக மச்சாள் ஒரு மத்தியானம் வந்து இறங்கினார். இவர் பழத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. சாப்பாடு முடியட்டும் என்று காத்திருந்தார். மச்சாள் சாப்பிட்டு முடித்ததும், கொஞ்சம் சாய்ந்துவிட்டு வருகிறேன் என்று நேரே எங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டில் கிறீச்சிட்டது. இவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"அக்காவை எழுப்ப ஏலாது," என்றார். "நித்திரை இல்லாமல் வந்தவ."

கதவுக்கு வெளியே இரண்டு கதிரைகளைப் போட்டு உட்கார்ந்தோம். உள்ளே படக்கென்று ஒரு சத்தம். பிறகு கதவிடுக்கால் வாசம் வந்தது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன இருந்தாலும் பாவமாகத்தான் இருந்தது.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. முழங்கை வரை சாறு வழிய, புதுச் சாரத்தில் வாயைத் துடைத்தபடி மச்சாள் நின்றார்.

"தம்பி, உனக்கெண்டு ஒரு துண்டு வைச்சனான்," என்றார். "பிறகு அதையும் சாப்பிட்டிட்டன்."

இவர் அழுதுவிடுவார் என்று பயந்தேன். இவரோ வாயெல்லாம் பல்லாக, இனித்ததா என்று கேட்டார். சீனி போடாமலே இனித்தது என்றார் மச்சாள். சீனி போடாத வெள்ளரிப்பழம் எங்கே இனிக்கும்? இவர் அதை அப்படியே நம்பினார். இருவரும் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கக் குசினிக்குப் போய்விட்டார்கள். பழத்தின் கோதிலாவது கொஞ்சம் ஒட்டியிருக்காதா என்று நான் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். அதையும் வழித்திருந்தார்.