கெபி முன்னால் அக்கா வைத்த உண்ணிச்செடி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் ஊராருக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஓர் ஆண்டு முடிகிறது. அட்டையில் இருக்கும் படம் என் கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. ஓரத்தில் தெரியும் தோள்பட்டை பெரியப்பாவுடையது. அக்காவைத் தனியாக நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று இந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான்.

இறந்தவரும் நல்லவர், இருப்பவர்களும் நல்லவர்கள் என்று எழுதுவதுதான் இப்படிப்பட்ட மலர்களின் வழக்கம். அச்சகக்காரர் அப்படி எழுதிய மாதிரி ஒன்றைக்கூட நீட்டினார். பெயரை மாற்றிக் கொடுத்தால் மாலைக்குள் அச்சாகிவிடும் என்றார். மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன். கோபப்படுகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படட்டும்.

அக்கா மரக்காணத்தில் உப்பளக் கூலி வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பன்னிரண்டு வயதில் உப்புக் கூடை தலையில் ஏறியது. உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால்விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ஞாயிறு பூசைக்குக்கூட நொண்டிக்கொண்டுதான் வருவார். அந்தக் கூலியில் நான் படித்தேன். நம் பங்குக் கோயிலின் நடுநிலைப் பள்ளியில் வாத்தியார் வேலைக்குப் போனேன். "எங்க தம்பி வாத்தியாரு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

பத்தொன்பது வயதில் அக்காவைக் கட்டிக்கொடுத்தோம். ஏழு வருடம் கழித்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தார். பிள்ளை இல்லையாம். டாக்டரிடம் அக்காவை மட்டும்தான் காட்டினார்கள், அந்த மனிதரைக் காட்டவில்லை. நம் சபையில் ஒரு முறை கட்டிய தாலி கட்டியதுதான். அந்தச் சட்டம் அக்காவுக்கு மட்டும் பொருந்தியது. அவர் அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார், கேட்பாரில்லை. இங்கே ஞானஸ்நானம், வளைகாப்பு என்று எந்த விசேஷம் வந்தாலும் அக்காவுக்கு அடுப்படியில்தான் இடம். குழந்தையைத் தூக்கப் போனால் தாய்மார்கள் ஏதோ வேலை வந்ததுபோல் குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இதைப் படிக்கும்போது சிலர் பக்கத்தைத் திருப்பப் பார்ப்பீர்கள், திருப்பாதீர்கள்.

பிறகு அக்கா கன்னியர் மடத்துத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மடத்துத் தலைவியை எல்லோரும் மதர் என்று கூப்பிடுவோம். எழுபதுகளின் தொடக்கத்தில் மதரை நீலகிரி மலைமேல் இருந்த மடத்துக்கு மாற்றினார்கள். அங்கிருந்து அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். மாதாவுக்குக் குகை போலக் கெபி கட்டியிருக்கிறோம், ஆனால் மார்கழியிலும் தையிலும் உறைபனி விழுந்து பூச்செடியெல்லாம் கருகிவிடுகிறது, இரண்டு மாதம் மாதா முன்னால் ஒரு பூ கிடையாது என்று எழுதியிருந்தார். அவர் ஏதோ மனக்குறையாகச் சொன்னது. அக்கா அதை வேலையாக எடுத்துக்கொண்டார்.

"உப்புத் தண்ணியிலயே சாவாத செடி பனிக்கா சாவப்போவுது? உண்ணிச்செடி வச்சா இன்னாடா?"

"மாதாவுக்கு உண்ணிச்செடியா? வேலிக்கு வைக்கிற முள்ளு அது, அக்கா. ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இப்ப மட்டும் இன்னா பண்றாங்க?"

மதரிடமிருந்து பதில் வந்தது. மலையடிவாரத்தில் உண்ணிச்செடி காடாகக் கிடக்கிறது, மேலே ஏற ஏறப் பனியில் கருகிவிடும். மடத்துக்கு மேலே பாறை இடுக்கில் மட்டும் ஒரு செடி பனியைத் தாங்கி நிற்கிறது, ஆனால் அது வருடத்துக்கு ஒரே மாதம்தான் பூக்கும் என்று எழுதியிருந்தார். அந்தச் செடியில் இரண்டு போத்து, அதாவது நட்டால் வேர்விடும் கிளைத்துண்டு, வெட்டி அனுப்பச் சொன்னார் அக்கா. பனி தாங்குவது மலைச்செடி. நிறையப் பூப்பது நம் கரைச்செடி. இரண்டையும் சேர்த்து ஒன்று செய்ய வேண்டும் என்பது அவர் கணக்கு.

நான் பாடம் எடுக்கும் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மகரந்தச் சேர்க்கைப் பாடத்தை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு புத்தகத்தைத் தொடவே இல்லை. உண்ணிப்பூ பார்க்க ஒரு பூ, உண்மையில் அது இருபது முப்பது பொடிப்பூக்கள் சேர்ந்த கொத்து. ஒவ்வொரு பொடிப்பூவையும் விரியும் முன்பே பிளேடால் கீறி, உள்ளே இருக்கும் மகரந்தத்தை ஊசிமுனையால் எடுத்துவிட்டு, மற்றச் செடியின் மகரந்தத்தை ஈர்க்குச்சி நுனியில் தொட்டு வைத்து, கொசுவலைத் துண்டால் கொத்தை மூடிக் கட்டுவார். உப்பு தின்ற விரல்களால் அதைச் செய்தார். பத்துக் கொத்துக் கட்டினால் இரண்டில் காய் பிடிக்கும். விதை முளைக்க மாதக்கணக்காகும்.

முளைத்த கன்றுகளுக்குப் பனி காட்ட வேண்டுமே, மரக்காணத்தில் பனிக்கு எங்கே போவது? உப்பு லாரி ஓட்டும் பாய் ஒருவர் மாதம் ஒரு முறை மலைக்குப் போய் வருவார். அவரிடம் மண்ணெண்ணெய் டின்னில் கன்றுகளை வைத்துக் கொடுத்தார் அக்கா. முதல் முறை அனுப்பிய பதினொன்றும் செத்துப்போயின. பனியால் இல்லை, மூட்டையிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீரால். அடுத்த முறையிலிருந்து பாய் டின்னை வண்டிக்குள் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"பெருமுக்கல் தாண்டுனதும் வண்டிய நிறுத்தித் தண்ணி தெளிச்சுடுங்க பாய்."

"பொண்ண அனுப்புற மாதிரி அனுப்புறியேம்மா. பத்திரமா சேத்துடுறேன், போ."

இந்த ஊரில் அக்காவின் வேலையைப் பார்த்துக் கேலியில்லாமல் சிரித்தவர் அவர் ஒருவர்தான். மலையில் மதர் கன்றுகளைக் குளிர்காலம் முழுவதும் வெட்டவெளியில் விட்டுவைப்பார். பிழைத்ததன் போத்து ஈரச் சாக்கில் சுற்றிக் கீழே வரும். அக்கா அதை மறுபடியும் நம் செடியோடு சேர்ப்பார். இப்படி மூன்று சுற்று. எமர்ஜென்சி வந்த வருடம் மூன்றாம் சுற்றில் ஒரு கன்று தேறியது. அது மலையில் பனிக்கு நடுவிலும் பூத்தது. கீழே அக்காவிடம் வந்த அதன் போத்து சித்திரை வெயிலிலும் பூத்தது. நிறத்தில் புதுமை ஒன்றுமில்லை, எல்லா உண்ணிப்பூவையும்போல மஞ்சளாக விரிந்து ரோஜா நிறமாக மாறும். ஆனால் ஒரு நாள்கூடப் பூ இல்லாமல் நின்றதில்லை. காரணத்தை அக்காதான் கண்டுபிடித்தார்.

"இது காயே வைக்கல, பாத்தியா? காய்க்குப் போவ வேண்டிய சத்தெல்லாம் பூவுக்குப் போவுது."

விதை இல்லாத செடியைப் போத்து வைத்துத்தான் பெருக்க முடியும். அக்கா வீடு வீடாகப் போத்து கொண்டுபோனார். ஒருவரும் வாங்கவில்லை. "மலட்டுச் செடிய வூட்டுல வைக்கக் கூடாது" என்று முகத்துக்கு நேராகவே சொன்னீர்கள். "வச்ச கை அப்படி" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னீர்கள். என் வீட்டிலும் அதே கதிதான். இலையைத் தின்று ஆடு ஒன்று செத்ததும் என் மனைவி செடியை வெளியே எடுக்கச் சொன்னாள். ஆடு செத்தது உண்மை, உண்ணியிலை கால்நடைக்கு ஆகாது. ஆனால் அவள் குரலில் ஆட்டின் துக்கம் மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அக்கா செடியை மண்ணோடு பெயர்த்து, பங்குச் சாமியாரிடம் கேட்டு, நம் கோயில் கெபி முன்னால் நட்டார்.

அடுத்த வருடம் மதர் இறந்துபோனார். மலை மடத்துக்கு வந்த புதிய தலைவி ஒரு கார்டு போட்டார். தோட்டம் புதிதாக அமைக்கப்பட்டுவிட்டது, இனிச் செடி எதுவும் அனுப்ப வேண்டாம் என்று இரண்டு வரி. அக்கா கார்டைத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்தார். மலையில் இருந்தது போயிற்று, இனி உலகத்திலேயே அந்தச் செடி கெபி முன்னால் நிற்கும் ஒன்றுதான் என்று நாங்கள் இருவரும் நம்பினோம். மறுபடி போத்து வைத்துப் பெருக்க அக்காவுக்குத் தெம்பு இல்லை. வயிற்றில் கட்டி என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிளம்பும்போது, "செடிக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தபா தண்ணி ஊத்துடா" என்றார். வேறு எதையும் கேட்கவில்லை.

அது தவக்காலத்தின் தொடக்கம். விபூதிப் புதன் முதல் ஈஸ்டர் பாஸ்கா வரை கோயிலில் பூ வைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சுரூபங்களை ஊதாத் துணியால் மூடினார்கள். கெபிக்கும் துணி போட்டார்கள். செடி மட்டும் துணிக்கு முன்னால் கொத்துக் கொத்தாகப் பூத்து நின்றது. கோயில் பெரியவர்கள் பூவை எல்லாம் கிள்ளிப்போட்டார்கள். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு வந்து பார்த்தால் மறுபடியும் பூத்திருந்தது. மறுபடியும் கிள்ளினார்கள், மறுபடியும் பூத்தது. சாமியாருக்கு இது தெரியக்கூடத் தெரியாது, அவர் கூட்டத்துக்காகத் திண்டிவனம் போயிருந்தார்.

பெரியவர்களுக்குத் தலைவர் நம் பெரியப்பா. என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்பா வாத்தியாரே, ஆண்டவர் பாடுபடுற மாசத்துல இது கல்யாண வூடு மாதிரி நிக்குது. வேரோட எடுத்துடு. நீயே எடுத்துட்டா உங்க அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டா."

"அக்கா ஆஸ்பத்திரியில இருக்குது பெரியப்பா. வந்ததும்..."

"உன் வேலைய நிரந்தரம் பண்ற பேப்பர் எங்ககிட்டதான் வருது. ஞாபகம் வச்சிக்கோ."

இதைவிட நீளமாக அவர் பேசவில்லை. நானும் அதற்கு மேல் எதிர்த்துப் பேசவில்லை. மண்வெட்டி எடுத்து வந்து தோண்டினேன். உண்ணிவேர் விட்ட இடத்தில் மறுபடி முளைக்கும் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை ஊற்றினால் புல்கூட முளைக்காது, அளத்தில் வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான்கு குடம் கொண்டுவந்து ஊற்றினேன். ஆள் வைத்து ஊற்றவில்லை, நானே ஊற்றினேன். அந்த ஆண்டு என் வேலை நிரந்தரமாயிற்று.

ஞாயிறுதோறும் ஆஸ்பத்திரிக்குப் போவேன். அக்கா கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"பூத்திருக்குதாடா?"

"பூத்திருக்குக்கா."

பொய் சொல்வதற்கு அதைப்போல வசதியான செடி வேறு கிடையாது. எந்த நாளில் கேட்டாலும் பூத்திருக்கிறது என்றால் நம்பத்தான் வேண்டும். மூன்று ஞாயிறு இப்படிப் போயிற்று. மூன்றாம் ஞாயிறு, "அடுத்த தபா ஒரு கொத்து எடுத்தாடா, கண்ணால பாக்கணும்" என்றார். அடுத்த ஞாயிறு பஸ் ஏறும் முன் சாலையோர வேலியில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டேன். பூ நன்றாகத்தான் இருந்தது. அக்கா இரண்டு கையாலும் வாங்கினார். முகர்ந்தார். பிறகு இலையை விலக்கி, பூவுக்குக் கீழே கட்டைவிரலால் தடவினார். பச்சையாகப் பொடிக்காய்கள் இருந்தன. இருபது மைல் பஸ்ஸில் அதைக் கையில் வைத்திருந்தவன் நான், என் கண்ணில் படவில்லை.

"காய் வச்சிருக்குதுடா" என்றார்.

நான் கிளையை வாங்கக் கை நீட்டினேன், அவர் கொடுக்கவில்லை.

"யாரு எடுத்தாங்க?"

"பெரியப்பா எடுக்கச் சொன்னாரு" என்றேன். எடுத்தது யார் என்று நான் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. கிளையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நீ சாப்டியா?" என்றார். அந்த வாரம் வியாழக்கிழமை அக்கா இறந்தார். தவக்காலம் என்பதால் பெட்டிமேல் பூ வைக்கவில்லை.

கடந்த மார்கழியில் நான் மலைக்குப் போனேன். மதரின் கல்லறையையாவது பார்க்கலாம் என்றுதான் போனேன். மடத்தின் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தில், சுவர் நெடுகிலும் உண்ணிச்செடி. இலைமேல் வெள்ளையாக உறைபனி, நடுவே மஞ்சளும் ரோஜாவுமாகப் பூ. குனிந்து ஒவ்வொரு கொத்தாகத் தேடினேன், ஒரு காய் இல்லை. புதுத் தோட்டம் போட்டபோது குப்பையில் எறிந்ததைத் தோட்டக்காரர் எடுத்து நட்டிருக்கிறார்.

"பழைய மதர் கண்டுபுடிச்ச செடிங்க இது" என்றார்.

"இல்லைங்க, எங்க அக்கா" என்றேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். உள்ளே போய் அங்கிருந்த சிஸ்டரிடம் போத்து கேட்டேன். "உங்க ஊர்ல உண்ணிச்செடிக்கா பஞ்சம்?" என்று சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்தார். ஒன்பது மாதம் முன்னால் நான் ஒரு நாள் லீவு போட்டு அங்கே போயிருந்தால், அக்கா கேட்ட கொத்தை உண்மையிலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.

இனி நன்றி சொல்ல வேண்டும். பதினோரு கன்றுகள் செத்ததற்கு அக்காவைவிட அதிகமாக வருந்திய லாரி பாய்க்கு நன்றி. பெயர் தெரியாத மலைத் தோட்டக்காரருக்கு நன்றி. ஆஸ்பத்திரியில் அக்காவின் தலையை வாரிவிட்ட ஆயாம்மாவுக்கு நன்றி. அடக்கத்துக்கு வந்து, சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போன சொந்தங்களுக்கும் நன்றி.

மலையிலிருந்து கொண்டுவந்த போத்துகளை அக்காவின் கல்லறைத் தலைமாட்டில் நட்டேன். ஒன்று பிழைத்துப் பூத்திருக்கிறது. இதுவும் தவக்காலம்தான். சென்ற வாரம் பெரியப்பா கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்.

"பூவ மட்டுமாவது கிள்ளிடுப்பா. நாலு பேரு பாப்பாங்க."

"நீங்களே கிள்ளிக்கோங்க பெரியப்பா. வெள்ளிக்கிழமை வந்து பாருங்க, மறுபடியும் பூத்திருக்கும்."

அவர் திரும்பிப் போய்விட்டார். என்னாலும் அவருக்குப் பதில் சொல்ல முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. போன வருடம் இதே தவக்காலத்தில், அக்கா உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. அன்று என் இடுப்பில் கசப்புத் தண்ணீர்க் குடம் இருந்தது.