வெப்சைட்டுக்கு ஒரு சொந்தக்காரர்

மூன்று வாரங்களுக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைப்பதை நேரில் பார்த்தேன். ஆயுத பூஜை எல்லாம் இல்லை... சாதாரண செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. பொட்டு வைத்தவர் செல்வராஜ். பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர் மகேஸ்வரி. இரண்டு பேருக்கும் நடுவில், எதிலும் சம்பந்தமே இல்லாதவன்போல முகத்தை வைத்துக்கொண்டு நான்.

சம்பந்தம் எனக்கும் உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன்.

மகேஸ்வரி எங்கள் தெருக்காரர். அவரும் கணவர் சுப்பிரமணியமும் கோயமுத்தூர் கணபதியில் வெட் கிரைண்டர் செய்கிறார்கள். ஆளுயரக் கிரைண்டரெல்லாம் கணவருடைய டிபார்ட்மென்ட். மேஜைமேல் வைக்கிற சின்ன கிரைண்டர் மகேஸ்வரியின் ஐடியா. இரண்டு வருஷம் மோட்டாரோடும் கல்லோடும் மல்லுக்கட்டி, சத்தத்தைக் குறைத்து, எடையைக் குறைத்து, அவரே டிசைன் செய்தது. “இத்தனூண்டு கல்லுல மாவு ஆட்டி யாருங்க திங்கறது?” என்று உறவில் எல்லோரும் சிரித்தார்கள்.

அமெரிக்காவில் சமையல் சாமான் கடைகள் வைத்திருக்கும் ஒரு தமிழர் மட்டும் சிரிக்கவில்லை. நியூஜெர்சிக்காரர். ஊருக்கு வந்தபோது ஒரு படி அரிசியைப் போட்டு ஆட்டிப் பார்த்தார், அசந்துபோனார். “என் பார்ட்னர்கள் இரண்டு பேர் அங்கே இருக்கிறார்கள். ஒரு வெப்சைட் போடுங்கள், அவர்களும் பார்க்கட்டும். பிடித்துவிட்டால் எல்லாக் கடைக்கும் ஆர்டர்” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

ஒரு காலேஜ் பெண் படமெல்லாம் போட்டு வெப்சைட்டை அழகாகச் செய்து கொடுத்துவிட்டாள். ஆனால் செய்தால் மட்டும் போதாதாம். அதை ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்து, உலகத்தின் எந்த மூலையிலிருந்து யார் கேட்டாலும் எடுத்துக் காட்ட ஒரு கம்பெனி வேண்டுமாம். இதற்குப் பெயர் வெப் ஹோஸ்டிங். மகேஸ்வரி நாலு பேரிடம் விசாரித்து ஒரு அமெரிக்க கம்பெனியைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்.

சுப்பிரமணியம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அந்த மெசினு எங்க இருக்குது?”

“அமெரிக்காலங்க.”

“நாளைக்கு ஒண்ணுன்னா எவனைப் போயிக் கேக்கறது? நம்ம செல்வராஜ் காந்திபுரத்துல இதே வேலைதான பண்றான். நம்ம ஆளுன்னா ஊட்டுக்கே போயிச் சட்டையப் புடிக்கலாம்.”

செல்வராஜ் யார் என்றால், சுப்பிரமணியத்தின் அத்தை மகன். முதலில் ஜெராக்ஸ் கடை. அப்புறம் எஸ்.டி.டி. பூத். அப்புறம் கம்ப்யூட்டர் சென்டர். இப்போது இன்டர்நெட்டுக்கென்றே தனியாக ஒரு லீஸ்டு லைன் வாங்கி ஹோஸ்டிங். போர்டில் பெயின்ட் காயும் முன்பே அடுத்த தொழிலுக்குப் போய்விடுகிற உற்சாகமான மனிதர்.

இந்தச் சட்டையைப் பிடிக்கிற வசனத்தைக் கோயமுத்தூரில் நான் கேட்காத வீடு இல்லை. வீடு கட்ட மேஸ்திரியா? சொந்தத்தில் பார். கல்யாணத்துக்குச் சமையலா? சொந்தத்தில் பார். தப்பு நடந்தால் சட்டையைப் பிடிக்கலாம். ஆனால் உண்மையிலேயே ஒரு சொந்தக்காரர் சட்டையை யாராவது பிடித்து நான் இதுவரை பார்த்ததில்லை. கோபமாகப் போவார்கள். காபி குடிப்பார்கள். திரும்பி வந்துவிடுவார்கள்.

வீட்டில் முடிவு ஆகாமல் என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார் மகேஸ்வரி. “ஏனுங்ணா, பத்திரிகைல எல்லாம் எழுதறீங்க... உங்களுக்குத் தெரியாததுங்களா?”

தெரியாது. எனக்கு இ-மெயில் அனுப்ப மட்டும் தெரியும். அதுவும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால். ஆனால் அதை வாயைத் திறந்து சொல்ல மனசு வரவில்லை. கிளம்பிவிட்டேன்.

மூன்று பேரும் ஒரு சாயங்காலம் செல்வராஜ் ஆபீஸுக்குப் போனோம். சுப்பிரமணியம் வெப்சைட் ஏறப்போகிற கம்ப்யூட்டரை விரலால் தட்டிப் பார்த்தார். ஒரு பக்கமாகத் தூக்கிப் பார்த்தார். “நல்ல வெயிட்டுங்ணா. தகர ஷீட்டும் நல்ல கனமான கேஜுதான்” என்று என்னிடம் திருப்தியாகச் சொன்னார். மகேஸ்வரி ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் செல்வராஜ் வீட்டிலிருந்து சூடாகப் பணியாரம் வந்தது, தேங்காய்ச் சட்னியோடு. “எப்படீங்க சார் இருக்குது?” என்றார் செல்வராஜ். “பிரமாதம்” என்றேன். ஹோஸ்டிங்கைச் சொன்னேனா, பணியாரத்தைச் சொன்னேனா என்று யாரும் விசாரிக்கவில்லை. தீர்ப்பு அதுதான்.

எட்டு மணிக்குக் கிளம்பினோம். மகேஸ்வரி முன்னால் படியிறங்கிவிட்டார். செல்வராஜ் ஒவ்வொரு ஃபேனாக, ஒவ்வொரு லைட்டாக அணைத்துக்கொண்டே வந்து, கடைசியில் மெயின் சுவிட்சையும் இறக்கி, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “ஆளில்லாத எடத்துல கரண்டு எதுக்குங்க? எங்கப்பா காலத்துப் பழக்கமுங்க.”

“ஒழுங்குன்னா இதுதாங்க” என்று பாராட்டினேன். ஆம், பாராட்டினேன்.

வெப்சைட் ஏறியது. மகேஸ்வரி ஆபீஸில் பகலில் திறந்து பார்த்தால் கிரைண்டர் ஜம்மென்று நிற்கும். நியூஜெர்சிக்காரருக்கு இ-மெயில் போட்டார். “உங்கள் சைட் திறக்கவில்லையே” என்று பதில் வந்தது. உடனே திறந்து பார்த்தார், திறந்தது. “நன்றாகத் திறக்கிறது, இன்னொரு முறை பாருங்கள்” என்று எழுதினார். “பார்த்தோம், இல்லை” என்று பதில். மறுபடியும் இவர் பார்க்க, மறுபடியும் திறக்க... இப்படியே பத்து நாள். அவருக்கு இவர் பொய் சொல்வதாகத் தோன்றியது. இவருக்கு அவர் தட்டிக் கழிக்கிறார் என்று தோன்றியது.

பதினோராவது நாள், திங்கட்கிழமை, கடைசி மெயில் வந்தது. அப்படி ஒரு கம்பெனி நிஜமாகவே இருக்கிறதா என்று பார்ட்னர்கள் சந்தேகப்படுகிறார்களாம். வேறொரு கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்தாயிற்றாம். அதுவும் கோயமுத்தூர் கம்பெனிதான்.

மறுநாள் விடிகாலை ஐந்தரை மணி. தூக்கம் வராமல் வீட்டு கம்ப்யூட்டரில் தன் வெப்சைட்டைத் திறந்தார் மகேஸ்வரி. திறக்கவில்லை. ஆறு மணிக்குத் திறக்கவில்லை. ஏழுக்கும் இல்லை. எட்டரைக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது செல்வராஜ் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஊதுபத்தி ஏற்றினார். மெயினைப் போட்டார். கம்ப்யூட்டர் முனகிக்கொண்டு எழுந்தது. அதன் நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“அண்ணா, ராத்திரி மெசினை ஆப் பண்ணிப்போட்டுப் போறீங்களா?”

“ஆமாங்க அம்மணி, தெனமும்தான். ஞாயித்துக்கெழமை முழுசாவே லீவுங்க. எட்டு மணிக்கு மேல யாருங்க பாக்கப் போறாங்க?”

“அமெரிக்காக்காரங்க பாப்பாங்கண்ணா. நமக்கு ராத்திரின்னா அவங்களுக்குப் பகல்.”

செல்வராஜ் ஊதுபத்தியைக் கம்ப்யூட்டருக்கு ஒரு சுற்றுக் காட்டினார். “இத மொதல்லயே சொல்லியிருந்தா, நம்ம ஒன்பது மணிக்கு மேல பாக்கச் சொல்லி ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமுல்லீங்க? மெசினுக்கும் ரெஸ்ட் வேணுமுல்லீங்க அம்மணி.”

மூன்று ஷிப்ட் மில் ஓடுகிற ஊர் இது. மனுஷர்கள் ராத்திரி முழுக்கக் கண்விழித்து நூல் நூற்ற ஊரில், தூங்கவே தேவையில்லாத ஒரே ஜீவனுக்கு எட்டு மணிக்குத் தாலாட்டு.

மகேஸ்வரி திட்டவில்லை. திட்ட முடியாது... காபி வந்துவிட்டது. குடிக்காமல் வைத்தால் அத்தை வரைக்கும் செய்தி போகும். குடித்தார். படியிறங்கும்போது என்னிடம், “ரெண்டு வருசமுங்கண்ணா” என்று மட்டும் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மெயின் சுவிட்ச் இறங்கியதை நேரில் பார்த்தவன் நான். நல்ல பழக்கம் என்று வாயார வாழ்த்தியவனும் நான்.

அன்று சாயங்காலம் சுப்பிரமணியம் ஆவேசமாகக் காந்திபுரம் போனார். ஒரு மணி நேரம் கழித்துச் சாந்தமாகத் திரும்பினார். “பாவமுங்ணா, அவன் வேணும்னா பண்ணினான்? அடுத்த மாசம் அவன் பொண்ணுக்கு நிச்சயம் வேற. இப்பப் போயி வெப்சைட்டை எடுத்துப்போட்டா நல்லாவா இருக்கும்?”

மகேஸ்வரி கணவரோடு சண்டை போடவில்லை. மறுநாளே அந்த அமெரிக்க கம்பெனியில் தனியாக இன்னொரு வெப்சைட் ஏற்றிவிட்டார். அது ராத்திரியும் ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறது. பொட்டு வைக்க வழியில்லை. போன ஆர்டர் போனதுதான். ஆனால் கனடாவில் ஒரு கடைக்காரர் இந்தப் புது வெப்சைட்டைப் பார்த்துவிட்டு, எடை எவ்வளவு, எத்தனை வோல்ட் என்று கேட்டு எழுதியிருக்கிறார். மகேஸ்வரி விடிய விடியப் பதில் எழுதுகிறார்.

செல்வராஜிடம் உள்ள வெப்சைட்டும் அப்படியே இருக்கிறது, சொந்தத்துக்காக. எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று காட்ட அதன் அடியில் ஒரு கவுண்ட்டர் உண்டு. மகேஸ்வரி பார்ப்பதை நிறுத்திய நாளிலிருந்து அது நகரவே இல்லை.