அசிட் பொங்கின நாளும் பொங்காத நாளும்

ஈயம் பற்றவைப்பவனின் வெடித்துப்போன விரல் நுனிகளைப் பார்த்தாலே அவன் தொழில் தெரிந்துவிடும். ஒழுகும் விளக்கோ வாளியோ, ஈயம் ஒட்டவேண்டுமென்றால் முதலில் அசிட்டில் நாகத்துண்டுகளை, அதாவது துத்தநாகத்தைக் கரைத்து, அந்த நீரைப் பூசவேண்டும். செத்த டோர்ச் பற்றரியை உடைத்தால் நாகம் கிடைக்கும். நீங்களும் அசிட்டிலிருந்து எழும் அந்தப் புகையைக் குடித்து இருமியவர்களென்றால் மிச்சம் நான் சொல்லத் தேவையில்லை.

தண்ணீர் விட்ட அசிட்

சண்டை நடந்த, பொருளாதாரத் தடைக் காலத்தில் அசிட் கிடைப்பதே அருமை. இருந்த ஒரு போத்தலைத் தண்ணீர் விட்டு விட்டு நீட்டினோம். முன்பெல்லாம் நாகத்தைப் போட்டால் சோடா மாதிரி நுரைத்து, போத்தலும் சுடும். இப்போது ஒவ்வொரு குமிழியாக, யோசித்து யோசித்து மேலே வந்தது.

அன்றைக்கு அரிக்கன் லாம்போடு வந்தவர் குருநகரில் மீன் விற்கும் மேரியக்கா. மண்ணெண்ணெய் தங்கத்துக்குச் சமமாக இருந்த காலம். அவருடைய லாம்போ அடியில் கசிந்தது. பிள்ளைகள் படிக்க வேறு வெளிச்சம் இல்லை. நாகம் கரையட்டும் என்று மத்தியானம் வரை என்னோடு இருந்தார். கடைசியில் போத்தலுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார்: “பாவம் அண்ணை, உந்த அசிட்டும் எங்களை மாதிரி நிவாரணத்திலைதான் சீவிக்குது போல.”

சிவராசாவின் அவசரம்

ஒருமுறை, கலப்பில்லாத அசிட் ஒரு போத்தல் எப்படியோ கைக்கு வந்தது. அதே காலையில்தான் என்னோடு வேலை செய்த சிவராசாவுக்குப் பெண்பிள்ளை பிறந்திருப்பதாக ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொன்னது. கையிலுள்ள வேலையை முடித்துவிட்டு ஓடவேண்டும் அவனுக்கு. தண்ணீர் அசிட்டுக்குப் போடுகிற பழக்கத்தில், ஒரு கைப்பிடி நாகத்தை ஒரேயடியாகப் போட்டுவிட்டான்.

சீறிப் பொங்கி அவன் இடது கையெல்லாம் தெறித்தது. நான் அந்தக் கையை இழுத்து, வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். தோல் சிவந்து கொப்பளிக்கத் தொடங்கியது. அவன் வாசலில் நின்ற சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தான். “காணும், விடுங்கோ அண்ணை,” என்றான், “பிள்ளையைத் தூக்க மற்றக் கை கிடக்குத்தானே.”

ஆணியால் கீறிய பெயர்

வல்வெட்டித்துறையிலிருந்து ஓர் அம்மா, நாகம் பூசிய வாளி ஒன்றைக் கொண்டுவந்தார். பக்கத்தில் ஆணியால் ‘ரவி’ என்று கீறியிருந்தது. மகன் சின்ன வயதில் கீறியதாம். படகேறிப் போனவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஓட்டையோ அந்தப் பெயரை ஒட்டியே இருந்தது.

இப்படியான வாளியில் நாகம் ஏற்கெனவே இருப்பதால், அசிட்டை அப்படியே பூசுவதுதான் வழக்கம். ஆனால் கடும் அசிட் மேற்பூச்சை ஒரு நொடியில் தின்றுவிடும். மெல்லிய கீறலும் அதோடு போய்விடும். அதனால் நிறையத் தண்ணீர் கலந்து, கோழி இறகால் ஓட்டையைச் சுற்றி மட்டும் தொட்டேன். கழுவினேன், பார்த்தேன், மறுபடி தொட்டேன். காலை முழுக்க அதே வேலை. அந்த அம்மா வாளியின் விளிம்பிலிருந்து கை எடுக்கவில்லை.

ஈயம் ஒட்டித் தண்ணீர் நிரப்பினால், ஓரத்தில் சின்னக் கசிவு. “இன்னொருக்கா ஈயம் பிடிக்கிறன் அம்மா,” என்றேன். அவர் தண்ணீரைக் கொட்டிவிட்டு வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “வேண்டாம் தம்பி, கொஞ்சம் ஒழுகினால் என்ன, என்ரை பிள்ளையின்ரை பேர் அழியேல்லை.”

இத்தனை வருடம் அந்தப் புகைக்குள் இருந்ததில் நான் கண்டதெல்லாம், கடும் அசிட் வேலையைக் கெதியாக முடித்துத் தரும், தண்ணீர் அசிட் வந்தவர்களோடு கதைத்துக்கொண்டிருக்க நேரம் தரும் என்பதுதான்.